பக்கத்துப் பூங்காவைப் பற்றி எழுதும்போது கழிவறை நேரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையைக் கடிக்காத செலவில் குடும்பத்தோடு போய்வர அக்கம்பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று வார இறுதி இணைப்பில் எழுதி வருகிறீர்கள். நல்ல காரியம். புறநகரில் குடியிருப்பவர்களுக்கு நெடுந்தூரச் சுற்றுலா ஆண்டுக்கு ஒருமுறை வாய்த்தால் பெரிது. விடுமுறை நாள் மாலையோ ஆண்டுக்கு 52 முறை வருகிறது. அந்த 52 மாலைகளுக்கும் உதவக்கூடிய பக்கம் அது.

ஆனால் அதில் வரும் விவரம் போதவில்லை. ஒரு படம், ‘மனதுக்கு இதமான சூழல்’ என்று ஒரு வரி, பக்கத்து உணவகத்தைப் பற்றி ‘சுவையும் தரமும்’ என்று இன்னொரு வரி. இதை நம்பி மூன்று வயதுக் குழந்தையையும் முழங்கால் வலியுள்ள பெரியவரையும் அழைத்துக்கொண்டு யாரும் கிளம்ப முடியாது. அங்கே உட்கார இடம் உண்டா, கழிவறை எத்தனை மணிக்குப் பூட்டப்படும், ஐந்து மணிக்கு நிழல் எந்தப் பக்கம் இருக்கும், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பவைதான் அவர்களுக்குத் தேவை. இந்த விவரம் கிடைக்காததால்தான் மலிவாக முடிய வேண்டிய வெளிச்செலவு இரண்டு மடங்காகிறது. தண்ணீர் இல்லையென்று பாட்டில் வாங்குவது, கழிவறை பூட்டியிருக்கிறதென்று ஏதாவது ஓர் உணவகத்துக்குள் நுழைந்து வேண்டாததை வாங்குவது, பசி முற்றிய குழந்தை அழ, வாசலில் முதலில் தெரிந்த கடையில் உட்கார்ந்துவிடுவது, கடைசிப் பேருந்து போய்விட்டதென்று வாடகை வண்டி பிடிப்பது என்று பணம் போகும் வழிகள் பெரும்பாலும் இவைதான். நுழைவுக் கட்டணம் இல்லாத இடத்தில்கூட இவை நடக்கும்.

முதலில் தூரம். ‘நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்’ என்று எழுதினால் போதாது, மீட்டரில் எழுதுங்கள். நலமான ஒருவர் மணிக்கு சுமார் 5 கி.மீ. வேகத்தில் நடப்பார், 400 மீட்டர் அவருக்கு 5 நிமிடம். மூன்று வயதுக் குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு, வழியில் ஒவ்வொரு கல்லையும் பார்த்துக்கொண்டு நடந்தால் அதே தூரத்துக்கு 15 நிமிடம் ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம், வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமைவெளி இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. நகர்ப்புற மரங்களை ஆராயும் செசில் கோனிநெண்டைக் 2021-ல் முன்வைத்த 3-30-300 விதியிலும் இதே 300 மீட்டர்தான்: வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரங்கள், பகுதியில் 30 சதவீத மர நிழல், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா. உங்கள் செய்தியாளர் ஓர் இடத்தைப் பரிந்துரைக்கும்போது, வாசல் எந்தத் தெருப் பக்கம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும். வரைபடத்தில் 200 மீட்டரில் தெரியும் பூங்காவுக்கு வாசல் எதிர்ப்பக்கத்தில் இருந்தால், சுற்றுச்சுவரை ஒட்டி 700 மீட்டர் நடக்க நேரிடும்.

நிழலைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. ‘மரங்கள் நிறைந்த பூங்கா’ என்பது பாதி விவரம். மாலையில் சூரியன் மேற்கே இருப்பதால் நிழல் கிழக்கே விழும். ஆகவே மாலையில் போகிறவர்களுக்குத் தேவை, மேற்குப் பக்கம் மரமோ கட்டடமோ உள்ள இருக்கை. காலையில் போகிறவர்களுக்கு இதன் எதிர்ப்பக்கம். நண்பகலில் எடுத்த படத்தில் நிழலாகத் தெரியும் பெஞ்ச், ஐந்து மணிக்கு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கலாம். எப்போது கிளம்பலாம் என்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வெளியே நின்று உங்கள் நிழலைப் பார்த்தாலே போதும். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்கு மேலே இருக்கிறது, புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். நிழல் உங்களைவிட நீண்ட பிறகு குழந்தைகளைத் திடலில் விடலாம்.

அடுத்தது உட்கார இடம். 1970-களில் வில்லியம் எச். வைட் நியூயார்க் நகரத்தின் சிறிய சதுக்கங்களைப் படம்பிடித்து, எது நிரம்புகிறது, எது வெறிச்சோடுகிறது என்று ஆராய்ந்தார். அவர் கண்டது மிக எளிமையானது: உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள். அலங்காரமும் பரப்பளவும் அதற்குப் பிறகுதான். அந்த ஆய்வை அடுத்து 1975-ல் நியூயார்க் நகரம் சதுக்கங்களில் குறிப்பிட்ட அளவுக்கு இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று கட்டட விதியையே திருத்தியது. எனவே பெஞ்சுகளை எண்ணி எழுதுங்கள். எத்தனைக்குச் சாய்மானம் உண்டு, எத்தனைக்குக் கைப்பிடி உண்டு என்பதும் முக்கியம். முழங்கால் வலியுள்ளவர் எழுந்திருப்பது கைப்பிடியை ஊன்றித்தான். இருக்கை உயரம் சுமார் 45 செ.மீ. இருந்தால் நல்லது, 35 செ.மீ. உயரமுள்ள சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் தவிக்கும் முதியவர்களை எந்தப் பூங்காவிலும் பார்க்கலாம். பிரிட்டனின் போக்குவரத்துத் துறை வழிகாட்டி, மக்கள் அதிகம் நடக்கும் இடங்களில் 50 மீட்டருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்கிறது. அது ஆடம்பரமில்லை. நடக்கச் சிரமப்படும் ஒருவர் அடுத்த இருக்கை எங்கே என்று தெரிந்தால்தான் வீட்டைவிட்டே கிளம்புவார்.

கழிவறை பற்றி: இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், திறக்கும் நேரம், பூட்டும் நேரம், தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் போடுகிறதா, இருட்டியபின் விளக்கு எரிகிறதா என்ற ஐந்தையும் எழுதுங்கள். பூங்கா எட்டு மணி வரை, கழிவறை ஆறு மணி வரை என்றால் அந்தப் பூங்கா குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஆறு மணி வரைதான். சக்கர நாற்காலி நுழைய வழி குறைந்தது 90 செ.மீ. அகலம் வேண்டும், இருசக்கர வண்டிகளைத் தடுக்க வாசலில் நடும் கம்பிகள் பல இடங்களில் சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. சாய்தளம் இருந்தால் மட்டும் போதாது. 1 மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் வேண்டும் என்பதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதைவிடச் செங்குத்தான சரிவில் தனியாக ஏற முடியாது; இறங்கும்போது நாற்காலி ஓடிவிடும் ஆபத்தும் உண்டு.

விளையாட்டுத் திடலுக்கு வருகிறேன். இங்கே ‘குழந்தைகளுக்கான வசதிகள் உண்டு’ என்று ஒரு வரியில் கடந்துபோவது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். திடலில் படும் பெரிய காயங்களில் பெரும்பாலானவை கீழே விழுவதால் வருபவை. சிமெண்டும் தாரும் கூடவே கூடாது. பலரும் பாதுகாப்பு என்று நினைக்கும் புல்தரையும் மண்தரையும் கூடப் போதாதவை. கால் மிதித்து மிதித்து அவை இறுகிவிடும். அதனால் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி அவற்றைப் பாதுகாப்புத் தரையாகவே கணக்கில் எடுப்பதில்லை. மணல், மரச்சீவல் போன்றவை குறைந்தது 23 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும் என்கிறது அது. ஒரு குச்சியைச் செருகிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஊஞ்சலுக்கு நேர் கீழேயும் சறுக்குமரத்தின் முடிவிலும் செருகுங்கள்; கால்பட்டு மணல் ஒதுங்கி முதலில் பள்ளமாவது அங்கேதான். ஓரத்தில் ஆழமாக இருந்து அங்கே இரண்டு விரற்கடைதான் இருந்தால் பயனில்லை.

இரண்டாவது, கம்பிகளுக்கு இடையிலான சந்து. 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட சந்துகள் ஆபத்தானவை. சிறு குழந்தையின் கால்களும் உடலும் அதில் நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும், உடல் தொங்கும். பெரியவரின் முட்டி மடக்கிய கை சுமார் 9 செ.மீ. அகலம் இருக்கும், அது நுழையும் சந்தில் தலை நுழையுமா என்று யோசித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். கழுத்தில் நாடா கட்டிய சட்டை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைச் சறுக்குமரத்தில் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, அன்பால் நேரும் விபத்து. குழந்தை பயப்படுகிறதே என்று மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் சறுக்குவார். குழந்தையின் காலணி ஓரச்சுவரில் உரசி நிற்கும். பெரியவரின் எடை நிற்காமல் கீழே போகும். நடுவில் அகப்பட்ட கீழ்க்கால் எலும்பு முறியும். தனியாகச் சறுக்கும் குழந்தைக்கு இந்த முறிவு அநேகமாக வராது, ஏனென்றால் கால் மாட்டினால் அதன் சிறிய எடை அங்கேயே நின்றுவிடும். தனியாகச் சறுக்க வயதாகவில்லை என்றால் சறுக்கவே வேண்டாம். வெயில் காலத்தில் உலோகச் சறுக்குமரம் மட்டுமல்ல, பிளாஸ்டிக்கும் ரப்பர் தரையும் கூடச் சுடும். புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் குழந்தையை விடாதீர்கள்.

இனி உணவகம். என் கடிதத்தின் முக்கியப் பகுதி இதுதான்.

மலிவான உணவகம் என்றாலே சுத்தமில்லாதது என்றும், கண்ணாடிக் கதவு போட்டதெல்லாம் பத்திரமானது என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. இரண்டும் சரியில்லை. சின்னக் கடை மலிவாகக் கொடுக்க முடிவதற்குக் காரணங்கள் உண்டு: வாடகை குறைந்த உள்தெரு, ஏழெட்டு வகைகளே கொண்ட பட்டியல், மீந்துபோகாமல் தீர்ந்துவிடும் சமையல், ஒரே மேசை ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை கைமாறுவது. இவற்றில் மூன்று, உணவுப் பாதுகாப்புக்கும் நல்லவை. பட்டியல் குறுகியதாக இருந்தால் பொருள் தேங்காது. சமைத்தது ஒரு மணி நேரத்தில் தீர்ந்தால் கிருமி பெருக அவகாசம் இல்லை. ‘அது தீர்ந்துபோச்சு’ என்று சொல்லும் கடையை நம்பலாம். அறுபது வகை எழுதிவைத்து, கூட்டமே இல்லாமல், எதைக் கேட்டாலும் ‘இருக்கு’ என்று சொல்லும் கடையில்தான் எச்சரிக்கை வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2001-ல் உணவுப் பாதுகாப்புக்கு ஐந்து விதிகளை வகுத்தது: சுத்தம், பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைத்தல், முழுக்க வேகவைத்தல், சரியான சூட்டில் வைத்தல், பாதுகாப்பான தண்ணீரும் பொருளும். சாப்பிட வருகிறவர் சமையலறைக்குள் போக முடியாது. ஆனால் ஐந்தில் பெரும்பாலானவற்றைக் கல்லாவுக்கு அருகில் நின்றே பார்த்துவிடலாம்.

சூடுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு 60-க்கு மேலே இருக்க வேண்டும், அல்லது 5-க்குக் கீழே. இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். பாத்திரத்தில் மேலாக ஆவி பறப்பதை நம்பாமல், கரண்டியை அடிவரை விட்டு எடுத்துப் போடும்போது ஆவி வருகிறதா என்று பாருங்கள். தட்டில் விழுந்த உணவின் நடுப்பகுதி வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

சோறு, நூடுல்ஸ் போன்றவற்றில் ஒரு தனிச் சிக்கல். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையிலும் சாகாமல் தப்பும். சமைத்தது மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை வெளியிடும். அந்த நச்சு மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. ஆகவே ‘திரும்பக் கொதிக்க வைத்துவிட்டோம்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. பெரிய பாத்திரத்தில் ஆழமாக இருக்கும் சோற்றின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும் என்பதுதான் தவறு நடக்கும் இடம். அகலமான தட்டுகளில் மெல்லிய அடுக்காகப் பரப்பினால் சீக்கிரம் ஆறும். அமெரிக்க உணவு விதித் தொகுப்பு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும் என்கிறது. நம்மால் செய்யக்கூடியது, இரவு கடை மூடப்போகும் நேரத்தில் அந்த வகைகளை வாங்காமல் இருப்பது.

எண்ணெயைக் கண்ணாலும் மூக்காலும் சோதிக்கலாம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கருக்கும், கெட்டியாகும், பொரிக்கும்போது மேலே நுரை அடங்காமல் நிற்கும், பொரிக்கும் சூட்டுக்கு வருவதற்குள்ளேயே புகையும். தெருமுனையிலேயே காறலான வாடை வந்தால் அதுவே போதுமான சான்று. பொரியும் துண்டுகளின் நீரும் உப்பும், அடியில் தங்கிக் கருகும் துகள்களும் எண்ணெயைக் கெடுக்கின்றன. துகளை அடிக்கடி அரித்தெடுக்கும் கடையில் எண்ணெய் கூடுதல் நேரம் தாங்கும். பழைய எண்ணெயின் மேல் புதிது ஊற்றி நிரப்புவதால் பழையது நல்லதாகாது. புதியதும் சீக்கிரம் கெடும். பல நாடுகளில் எண்ணெயிலுள்ள துருவச் சேர்மங்களின் (எண்ணெய் காய்ந்து கெடும்போது சேரும் பொருள்களின்) மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. அதை அளக்கும் கருவி கையடக்கமானது. உங்கள் செய்தியாளரிடம் ஒன்று இருந்தால் ‘சுவையான’ என்ற சொல்லுக்குப் பதில் ஓர் எண்ணைப் போடலாம்.

கை. பணம் வாங்கிய கையால் உணவை எடுக்கிறாரா? கையுறை போட்டிருந்தாலும் இதே கேள்விதான். கையுறையோடு சில்லறை எண்ணி, அதே கையுறையோடு பரிமாறுவது வெறுங்கையைவிட நல்லதில்லை. அழுக்கு உறுத்தாததால் கழுவவும் தோன்றாது. கல்லாவுக்கு ஒருவர், பரிமாற ஒருவர் என்று பிரித்திருக்கும் கடை பாதி வேலையைச் செய்துவிட்டது. ஊழியர்களுக்கான கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வாந்தியும் பேதியும் கொண்டுவரும் நோரோவைரஸ், ஆல்கஹால் கலந்த கைத்திரவத்துக்கு (சானிடைசர்) எளிதில் மசியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டுகளை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கும் இடத்தில் பார்சல் வாங்குவது மேல். மேசை துடைக்கும் ஈரத்துணி நாறினால், துடைத்த மேசை துடைக்காததைவிட மோசம். பனிக்கட்டியைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று. பல கிருமிகள் சாவதில்லை, தூங்குகின்றன. தண்ணீர் நல்லதென்றால்தான் பனிக்கட்டியும் நல்லது.

ஒன்று உங்களிடமே சொல்ல வேண்டியது. பழைய செய்தித்தாளில் பொரித்த பண்டத்தை மடித்துக் கொடுக்கும் பழக்கம் பல நாடுகளில் இருந்து மெல்ல ஒழிந்து வருகிறது. அச்சு மையிலுள்ள கனிம எண்ணெயும் நிறமிகளும் சூடான கொழுப்பில் எளிதாக இறங்கிவிடும். உங்கள் நாளிதழின் தாளும் விலக்கில்லை. ‘இத்தாளில் உணவைப் பொதியாதீர்’ என்று மாதம் ஒருமுறை ஒரு மூலையில் அச்சிட்டால், அதைவிடப் பயனுள்ள விளம்பரம் இருக்காது.

ஒவ்வாமை உள்ளவர்களை மறந்துவிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், வேர்க்கடலை, பால், முட்டை, மீன், எள், கோதுமை உள்ளிட்ட 14 வகைகளில் எது உணவில் இருந்தாலும் கேட்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். பொட்டலமிடாத உணவுக்கும் அது பொருந்தும். சின்னக் கடைகளில் பட்டியல் இல்லாவிட்டாலும், ‘இதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறீர்கள்?’ என்ற ஒரு கேள்வி பலவற்றைச் சொல்லிவிடும். தனித்தனியாகப் பிசைந்து, ஒரே சட்டியில் பொரித்தால் பிரித்ததில் பயனில்லை.

விலையை எழுதும்போது ஒரு வகையின் விலையை மட்டும் எழுதாதீர்கள். இரண்டு பெரியவர், இரண்டு சிறுவர் வயிறாரச் சாப்பிட்டு, தண்ணீரும் வரியும் சேர்ந்து கடைசியில் கட்டும் தொகையைப் போடுங்கள். பட்டியலில் மலிவாகத் தெரியும் கடையில் பானமும் தொட்டுக்கொள்பவையும் சேர்ந்து தொகை ஏறிவிடுவது வழக்கம். நாலு பேருக்கு மூன்று வாங்கித் தொடங்கி, போதாவிட்டால் ஒன்று கூட்டிக்கொள்ளும் குடும்பம், நான்கு வாங்கி ஒன்றை மீதம் வைக்கும் குடும்பத்தைவிடப் பெரும்பாலும் குறைவாகச் செலவழிக்கும். அளவு எவ்வளவு என்று ஒரு வரி எழுதினால் இந்த முடிவு எளிதாகும்.

காத்திருக்கும் நேரத்தையும் கணக்கிட்டுச் சொல்லலாம். ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய வரிசைக் கணக்கு ஒன்று உண்டு. அதன் சாரம்: வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையை, ஒரு நிமிடத்தில் கவனிக்கப்படுபவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வரும். ஐந்து நிமிடத்தில் 10 பேர் தட்டோடு நகர்கிறார்கள், உங்களுக்கு முன்னால் 24 பேர் என்றால் 12 நிமிடம். இதை வைத்து, நீளமான வரிசையைக் கண்டு பயந்து ஓடவும் வேண்டாம், குட்டையான வரிசையை நம்பி ஏமாறவும் வேண்டாம். 8 பேர்தான் நிற்கிறார்கள், ஆனால் ஒருவருக்கு நான்கு நிமிடம் ஆகிறது என்றால் அரை மணி நேரம் போய்விடும். பசித்த குழந்தைக்கு அது நீண்ட நேரம்.

நேரத்தை மாற்றினாலே பாதி சிரமம் தீரும். எல்லாரும் முதலில் பூங்கா, இருட்டியதும் சாப்பாடு என்று வைத்துக்கொள்வதால் கடையில் ஒரே நேரத்தில் நெரிசல். கடை திறந்து முதல் அரை மணியில் சாப்பிட்டுவிட்டு, இருபது நிமிடம் மெல்ல நடந்து, பிறகு திடலுக்குப் போகும் குடும்பத்துக்குச் சூடான முதல் ஈடு கிடைக்கும், மேசையும் கிடைக்கும். ஊஞ்சல் மட்டும் சாப்பிட்ட உடனே வேண்டாம். நெரிசல் நேரத்தில் சாப்பிட்டு முடித்தபின் மேசையிலேயே பேசிக்கொண்டிருப்பது சின்னக் கடைக்கு நேரடி நஷ்டம். இருபது இருக்கையில் ஒவ்வொருவரும் அரை மணியில் எழுந்தால் மணிக்கு 40 பேர். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 20 பேர். அந்த வித்தியாசம் சீக்கிரமே விலையில் ஏறும்.

பார்சல் வாங்கிப் பூங்காவில் சாப்பிடுவதுதான் எல்லாவற்றிலும் மலிவு. அப்போது மேலே சொன்ன இரண்டு மணி நேரக் கெடு, கடையில் சமையல் அடுப்பைவிட்டு இறங்கிய நொடியிலிருந்து ஓடுகிறது. மூடியுள்ள சூட்டுப் பாத்திரத்தில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு உணவை வாய்வரை நிரப்பினால் சூடு நெடுநேரம் நிற்கும். பாதி நிரப்பிய பாத்திரம் சீக்கிரம் ஆறும்.

செலவே இல்லாத பொழுதுகளையும் அந்தப் பக்கத்தில் சேர்க்கலாம். முழுநிலவு நாளில் நிலா, சூரியன் மறையும் நேரத்தையொட்டித்தான் கிழக்கே எழும். அடுத்தடுத்த நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதம். கிழக்கே மறைப்பில்லாத ஏரிக்கரையோ மேம்பாலமோ மொட்டைமாடியோ எது என்று எழுதுங்கள், நேரத்தையும் போடுங்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. இருட்டிய சற்று நேரத்திலும் விடியலுக்கு முன்பும், மினுக்காத ஒளிப்புள்ளியாக வானத்தைக் கடப்பதைச் சில நிமிடங்கள் வெறுங்கண்ணால் பார்க்கலாம். மினுக்கினால் அது விமானம். பறவை பார்க்கச் சூரிய உதயத்துக்குப் பிந்தைய இரண்டு மணி நேரம் நல்லது. நூலகத்தின் சிறுவர் பகுதி எந்த நாள் திறந்திருக்கும் என்ற ஒரு வரி, மழைக்கால ஞாயிறுகளைக் காப்பாற்றும்.

மழை என்றதும் ஒன்று. மின்னலைப் பார்த்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. தனி மரத்தடியும் பக்கம் திறந்த கூரையும் ஒதுங்குமிடம் அல்ல. பூங்காவிலிருந்து மிக அருகிலுள்ள சுவருள்ள கட்டடம் எது என்று எழுதிவிடுங்கள்.

எழுதிய விவரத்துக்கு அடியில், எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தது என்று போடுங்கள். செவ்வாய் காலை பதினொரு மணிக்குப் பார்த்த அமைதி, ஞாயிறு மாலையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரு சின்னக் கடையை மட்டும் புகழ்ந்து எழுதினால் அடுத்த வாரமே அது தாங்காத கூட்டத்தில் மூச்சுத் திணறும். முன்பு சொன்ன ஒழுங்கெல்லாம் முதலில் உடைவது அப்போதுதான். ஒரே பகுதியில் மூன்றைச் சேர்த்து எழுதினால் கூட்டம் பிரியும். ஆறு மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்த்து, மாறியிருந்தால் மாறியதை அதே அளவு இடத்தில் எழுதுங்கள்.

அடுத்த வாரம் எந்தப் பூங்காவைப் பற்றி எழுதினாலும், முதல் வரியில் கழிவறை பூட்டும் நேரத்தைப் போட்டுத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புறநகர் வாசகர் ஒருவர்